துளை போடும் முன் ஒரு வார்த்தை

எழுபதுகளின் பின்பாதி அது. மழை இரண்டு வருஷம் தொடர்ந்து ஏமாற்றியிருந்த ஒரு கோடைக்காலம். பாலக்காட்டு டவுனில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடி ஹாலில் எங்களுக்கு ஒரு மாதப் பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கேதான் நான் என் அப்பாவுக்கு எதிராக, அவர் கண் முன்னாலேயே எழுந்து நின்றேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கேரளா என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைக்கிற மழையும் பசுமையும் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. தென்னை, நிலக்கடலை, கொஞ்சம் கரும்பு, எல்லாமே கிணற்றை நம்பித்தான். கோடையில் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். அதனாலோ என்னவோ, கல்லூரியில் பாறைகளையும் நிலத்தடி நீரையும் பற்றிய படிப்பை எடுத்தேன். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று உறவில் எல்லோரும் கேட்டபோது, படிக்கட்டும் என்று சொன்னது அப்பா ஒருவர்தான். அதைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை.

படிப்பு முடிந்து அரசுத் துறை ஒன்றில் வேலை கிடைத்தது. நிரந்தரமாக்கும் உத்தரவு இன்னும் வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் ரிக் வண்டிகள் வரத் தொடங்கின. லாரியின் முதுகில் இரும்புக் கோபுரம் ஒன்றைப் படுக்க வைத்துக்கொண்டு வரும். தோட்டத்தில் நிறுத்தி அதை நிமிர்த்தினால், நம் ஆட்கள் வெடிவைத்து மாதக்கணக்கில் தோண்டுகிற ஆழத்தை ஒரே பகலில் பாறைக்குள் துளைத்துத் தாண்டிவிடும். ஊரில் அதற்குப் ‘போர் போடுவது’ என்று பெயர் வந்துவிட்டது. காசுள்ளவர்கள் வரிசையில் நின்றார்கள். யார், எங்கே, எவ்வளவு ஆழம் போடலாம் என்று கேட்க ஒரு விதியும் கிடையாது.

விதி எழுத வேண்டும் என்று சர்க்காருக்கு ஒருவழியாகத் தோன்றியது. எழுதத் தெரிந்தவர்களுக்கு இயந்திரம் தெரியவில்லை. இயந்திரம் தெரிந்தவர்களுக்கு எழுதத் தெரியவில்லை. எனவே பொறியாளர்கள், வருவாய்த் துறைக்காரர்கள், விவசாய அதிகாரிகள், கடன் கொடுக்கும் வங்கி அதிகாரி ஒருவர் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்து உட்காரவைத்து, புதிய இயந்திரம் ஒன்றுக்கு விதி வகுப்பது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். கடைசியில் நாங்களே ஒரு வரைவு, அதாவது நகல் விதி, எழுதித் திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண்.

பயிற்சி கொடுக்க வந்தவர் தலைநகரில் விதிகளை எழுதும் பிரிவில் இருந்தவர். நாற்பது வயதிருக்கும். மலையாளமும் ஆங்கிலமும் மாறி மாறிப் பேசுவார். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். வகுப்பை இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி விதி எழுத வேண்டும். மறுபாதி அதை மீற நினைக்கிற ஆளாக மாறி, எந்த ஓட்டை வழியாகத் தப்பலாம் என்று பார்க்க வேண்டும். ‘போதுமான இடைவெளி விட்டு’ என்று ஒரு பொறியாளர் எழுதினார். எது போதும் என்று நானே முடிவு செய்துகொள்வேன் என்று வங்கி அதிகாரி ஒரே வாக்கியத்தில் அதை உடைத்தார். வகுப்பே சிரித்தது. ‘கூடுமானவரை’ என்ற சொல்லைக் கண்டால் விடாதீர்கள், அது கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுப்பது மாதிரி என்றார் பயிற்சியாளர். எனக்கு அந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போனது. மாலையில் பெண்கள் விடுதிக்குத் திரும்பும்போதுகூட, வழியில் கண்ணில் படுகிற அறிவிப்புப் பலகையை எல்லாம் மனதுக்குள் உடைத்துப் பார்ப்பேன்.

முதல் வாரக் கடைசியில், ரிக் வண்டி வேலை செய்வதை நேரில் காட்ட எங்களை ஒரு வேனில் அழைத்துப் போனார்கள். எந்த ஊர் என்று எனக்குச் சொல்லவில்லை. சித்தூர் தாண்டிக் கொழிஞ்சாம்பாறையும் தாண்டி வேன் எங்கள் ஊர் மண்ரோட்டில் திரும்பியபோதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் தோட்டத்தின் முன்னால்தான் நின்றது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றார். என்னைப் பார்த்ததும், “சொல்லாம இருந்து காட்டலாம்னுதான் அம்மிணி இருந்தேன்” என்றார். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

வண்டி இரையத் தொடங்கியதும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. வெள்ளை வெள்ளையாகப் பாறைத் தூள் பறந்து தென்னை ஓலையெல்லாம் மாவு பூசியது போல ஆனது. மத்தியானத்துக்கு மேல் அந்தத் தூள் சேறாக மாறியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தென்னை உயரத்துக்குப் பீறிட்டது. பொறியாளர்கள் கைதட்டினார்கள். அப்பா அந்தத் தண்ணீரில் போய் நின்று நனைந்தார். இரண்டு வருஷமாகக் கருகிய தென்னைகளைப் பார்த்துப் பார்த்து அவர் தூங்காமல் இருந்தது எனக்குத் தெரியும். எனக்கும் கண் கலங்கியது.

அப்போதுதான் வேலியருகே பக்கத்துத் தோட்டத்து அக்கா வந்து நின்றார். அவருக்கும் அவர் கணவருக்கும் எங்கள் நிலத்தில் கால்வாசிகூட இருக்காது. தக்காளியும் மிளகாயும் போட்டு, கூடையில் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோவார். சில நாள் பொள்ளாச்சிக்கும் பஸ் ஏறுவார். சின்ன வயதில் நான் அவர் கிணற்றுப் படியில் உட்கார்ந்து துணி துவைத்திருக்கிறேன்.

அவர் பொறியாளர்களைப் பார்த்து, “ஏனுங்க, இந்தத் தண்ணி எங்கிருந்துங்க வருது?” என்று கேட்டார்.

“பூமிக்குள்ள இருந்துதான்மா” என்றார் ஒருவர் சிரித்துக்கொண்டே.

“என்ர கெணறும் பூமிக்குள்ளதானுங்க இருக்குது. அதுக்கு என்னாகும்?”

ஒரு பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இலை போட்டாயிற்று, சாப்பிட வாருங்கள் என்று அப்பா அழைத்தார். எல்லோரும் நகர்ந்தார்கள். என்னால் நகர முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பாறையில் தண்ணீர் குளம் போலத் தேங்கி நிற்பதில்லை. வெடிப்புகளில் ஓடுகிறது. இரண்டு கிணறுகளுக்கும் ஒரே வெடிப்பு ஊட்டம் கொடுத்தால், ஆழமான துளை மற்றதைக் குடித்துவிடும். ஆனால் இங்கே அப்படித்தானா என்று பார்க்காமல் சொல்லக்கூடாது. சாப்பிடுவதற்கு முன் அக்காவின் கிணற்றில் அளவு நாடாவை இறக்கி நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டேன்.

அப்பா சீக்கிரமே மோட்டார் வைத்துவிட்டார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் போனபோதெல்லாம் நாடாவை இறக்கினேன். மோட்டார் ஓடும் நேரத்தில் அக்காவின் கிணற்றில் தண்ணீர் கண் முன்னாலேயே இறங்கியது. நிறுத்தினால் மெதுவாகக் கொஞ்சம் ஏறும். மறுபடி ஓடினால் முன்னைவிடக் கீழே போகும். மூன்றாவது முறை நான் போனபோது அடியில் சேறுதான் இருந்தது. மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. அக்கா அழவில்லை. “உங்கப்பாகிட்ட நான் சண்டைக்கு வரல அம்மிணி. இது சரியா தப்பான்னு யாராச்சும் சொல்லோணும் இல்ல” என்றார்.

அன்றைக்கு வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவர் நிலம், அவர் துளை, அவர் கரண்ட் என்றார். சர்க்கார் அதிகாரிகளே வந்து நின்று பார்த்த காரியத்தில் என்ன தப்பு என்றார். அவர் கேட்டதும் சரிதான். விதி இல்லாத இடத்தில் மீறல் எங்கே இருக்கிறது? விதி எழுதத்தானே எங்களை அங்கே உட்காரவைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு திங்கட்கிழமை பஸ் ஏறினேன்.

நகல் எழுதும் பொறுப்பு எனக்கும் வங்கி அதிகாரிக்கும் இன்னும் இரண்டு பொறியாளர்களுக்கும் வந்தது. அளந்து வந்ததை வகுப்பில் சொன்னேன். எந்தத் தோட்டம் என்று யாரோ கேட்டார்கள். என் அப்பாவின் தோட்டம் என்றேன்.  வாதாடி, அடித்து, திருத்தி, ஒரு விதியை நிலைநிறுத்தினோம். துளை போடும் முன் சுற்றியுள்ள கிணற்றுக்காரர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் சொல்வதை அதிகாரி கேட்க வேண்டும். அவர்கள் கிணற்று நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே அனுமதி கொடுக்க வேண்டும். மறுபாதி வகுப்பு அதை உடைக்க ஒரு நாள் முழுவதும் முயன்றது. முடியவில்லை. பயிற்சியாளர் என் தோளைத் தட்டாத குறையாகப் பாராட்டினார்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மறுநாள் கருத்துச் சொல்ல நிலக்காரர்கள் சிலர் வருகிறார்கள், மேலே இருந்து அழைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நகலில் ஒரு சின்ன மாற்றம் செய்திருப்பதாகச் சொல்லித் தாளைக் காட்டினார். ‘அறிவிக்க வேண்டும்’ என்ற இடத்தில் ‘கூடுமானவரை அறிவிப்பது நல்லது’ என்று இருந்தது.

இது நீங்களே விடாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்த சொல் ஆயிற்றே சார் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வகுப்பில் எழுதுவது வேறு, கையெழுத்தாகிற காகிதம் வேறு என்றார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும், பயிற்சி அறிக்கை என் மேலதிகாரிக்குப் போகும் என்பதையும் அன்பாகவே நினைவுபடுத்தினார். அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. மிரட்டியிருந்தால்கூட ஒருவேளை பயந்திருப்பேன்.

விடுதிக்குப் போகவில்லை. நேரே பஸ் நிலையத்துக்குப் போய் ஊருக்கு வண்டி ஏறினேன். எங்கள் வீட்டுக்கும் போகவில்லை. அக்கா வீட்டுக்குப் போய், நாளைக்கு என்னோடு பாலக்காட்டுக்கு வர முடியுமா என்று கேட்டேன். அவர் கணவர் தயங்கினார். பெரியவர்கள் கூடுகிற இடம், நமக்கெதற்கு என்றார். அக்கா அடுப்பிலிருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, “எந்த பஸ்ஸுங்க அம்மிணி?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஹாலில் நிலக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்திலேயே பெரிய தோப்புகள் வைத்திருந்த ஒருவர் அவர்களுக்குத் தலைவர். அவருக்கு அடுத்த நாற்காலியில் அப்பா. அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்காவோடு நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்துப்போனது.

வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்று பயிற்சியாளர் எழுந்தார்.

“நிலக்காரங்களை அழைச்சிருக்கீங்க சார். இவங்களும் நிலக்காரங்கதான்” என்றேன். காலி நாற்காலி இல்லை. என் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்துவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

தலைவர் பேசினார். வறட்சியில் மக்களைக் காப்பாற்ற வந்த இயந்திரத்துக்குக் கால்கட்டுப் போடாதீர்கள் என்றார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பலரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு பயிற்சியாளர் மாற்றிய நகலைப் படித்துக் கையெழுத்துக்குச் சுற்றவிட்டார். என் முன்னால் வந்தபோது நான் பேனாவை மூடினேன். இது நாங்கள் எழுதிய விதி இல்லை என்று சொன்னேன்.

அப்பா அப்போது எழுந்தார். எல்லோரையும் பொதுவாகப் பார்த்து, “இவ என்ர மகளுங்க. நாங்க ஊட்டுல பேசிக்கறோம்” என்றார். சத்தம் போடவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

  “இது ஊட்டுல பேசற விஷயம் இல்லீங்கப்பா. இங்கதான் பேசோணும்” என்றேன். அவரை எதிர்த்து நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான். அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

என் அளவுகளைப் படித்தேன். யார் தோட்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு அக்கா பக்கம் திரும்பினேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். அதிகாரிகளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஏனுங்கண்ணா, உங்க தென்னை காஞ்சப்ப நானும் வெசனப்பட்டனுங்க. போர் போட வேண்டாம்னு நான் சொல்ல வரல. நாளைக்கு எனக்கும் காசு சேந்தா நானும் போடுவனுங்க. போடறதுக்கு முன்னால பக்கத்துல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை கேளுங்கன்னுதான் சொல்றேன். அதைக் கேக்கக்கூட சட்டம் வேணும்னா, அந்தச் சட்டத்தை ஒழுங்கா எழுதச் சொல்லுங்க.”

உட்காரவில்லை அவர். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னிடம் சொல்லிவிட்டு, காலடியில் வைத்திருந்த கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

கருத்து வேறுபாட்டை எழுதி நகலோடு இணைக்கலாம் என்பதும் அதே வகுப்பில் கற்றதுதான். உட்கார்ந்து எழுதினேன். எங்கள் முதல் விதியை ஒரு சொல் மாறாமல் எழுதி, மாற்றப்பட்ட விதியை எப்படியெல்லாம் உடைக்கலாம் என்பதையும் கீழே எழுதி, கையெழுத்துப் போட்டேன். பொறியாளர்கள் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வங்கி அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அவர் எனக்கு உறவோ நட்போ இல்லை. அதற்கு முன்னால் என்னோடு பத்து வாக்கியம் பேசியிருப்பாரா என்பதே சந்தேகம்.

அந்த நகல் திருவனந்தபுரத்தில் எந்த அலமாரியில் தூங்கியதோ தெரியாது. விதியாக வரவில்லை. எனக்குத்தான் உத்தரவு சீக்கிரம் வந்தது. இடுக்கிப் பக்கம் ஏலப்பாறைக்கு மாற்றல். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, குளிரும் மழையுமான ஊர். நிலத்தடி நீர் பார்க்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். தொழிலாளர் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் வருகிற ஊற்றுகளைப் பார்ப்பதுதான் வேலை என்று ஆக்கிக்கொண்டேன். திருநெல்வேலியிலிருந்து தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. என் கொங்குப் பேச்சைக் கேட்டு முதலில் சிரித்தார்கள். பிறகு, “ஏட்டி, நீ நம்ம ஆளுதான்” என்று சேர்த்துக்கொண்டார்கள். வேலையும் தாமதமாகவே ஆனாலும் நிரந்தரமானது.

வங்கி அதிகாரி தன் கிளையில் ஒரு வழக்கம் கொண்டுவந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். போர் போடக் கடன் கேட்டு வருகிறவர் பக்கத்துக் கிணற்றுக்காரரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மேலிடத்திலிருந்து யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. அவர் அந்த நாற்காலியில் இருந்தவரை அது நடந்தது.

அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா மூலம் தகவல் வரும், போகும், அவ்வளவுதான். ஆனால் மோட்டாரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறார், ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறார் என்று அம்மா எழுதியிருந்தார்.

இரண்டு வருஷம் கழிந்திருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அலுவலக வாசலில் அப்பா நின்றார். எல்லையோர வெயிலில் வளர்ந்த மனிதர் குளிரில் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்த பிறகுதான் பேசினார். அன்றைக்கு ஹாலில் பேசிய அந்தத் தலைவர், எங்கள் தோட்டத்தை ஒட்டி இன்னும் ஆழமாக இரண்டு துளை போட்டுவிட்டாராம். எங்கள் துளையில் காற்றுதான் வருகிறதாம்.

“என்ரகிட்ட ஒரு வார்த்தை கேக்கல அம்மிணி” என்றார். பிறகு குனிந்துகொண்டு, “ஒரு மனு எழுதோணும். நீதான் எழுதித் தரோணும்” என்றார்.

நான் எதையும் நினைவுபடுத்தவில்லை. மனுவை எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். “பக்கத்துத் தோட்டத்து அக்காவும் கையெழுத்துப் போடோணுங்கப்பா. நீங்களே போய்க் கேக்கோணும்” என்றேன். தேநீரின் மீதியைக் குடித்து முடித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

போனார், கேட்டார் என்று அம்மா எழுதினார். அக்கா கையெழுத்தும் போட்டார். அந்தத் துளைகள் மூடப்படவில்லை. ஆனால் ஓர் அதிகாரி வந்து மூன்று தோட்டத்துக் கிணறுகளையும் அளந்தார். யார் மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்று மூவரையும் உட்காரவைத்துப் பேசி முடித்தார். அக்கா அந்த வருஷம் மறுபடி மிளகாய் நட்டார்.

அப்பா இப்போது இல்லை. நிறைந்த ஹாலில், என்னைப் படிக்கவைத்த மனிதர் என் ஒரு வாக்கியத்தில் மெதுவாக உட்கார்ந்த காட்சி இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அதே ஹாலில் அவர் முன்னால் மறுபடி நிற்கச் சொன்னாலும், நான் நிற்பேன்.